மனையுறை மறைந்தோர்: காவிரி நாட்டில் மனிதரும் ஆவிகளும் கூடி வாழ்ந்த வரலாறு

சிலப்பதிகாரத்தின் கனாத்திறம் உரைத்த காதையைப் படிப்போர் பெரும்பாலும் கண்ணகி கண்ட கனவுக்காகவே அதைப் படிக்கின்றனர். அக்காதையின் முற்பகுதியில் கிடக்கும் வேறொரு கதை, கோவலன் வரலாற்றோடு நேரே ஒட்டாத காரணத்தால், மேடைகளிலும் வகுப்பறைகளிலும் தள்ளப்பட்டுவிடுகிறது. காவிரி கடலொடு கலக்கும் புகார் நகரில், மானிடன் அல்லாத ஒருவன் ஒரு வீட்டுப் பிள்ளையாக வளர்ந்து, கல்வி கற்று, மணம் முடித்து, குடும்பம் நடத்திய கதை அது.

மாலதி என்னும் பார்ப்பனப் பெண் தன் மாற்றாள் குழந்தைக்குப் பால் புகட்டுகிறாள். பால் விக்கிக் குழந்தை இறந்துபோகிறது. கணவனும் மாற்றாளும் தன் மீது பழி சுமத்துவர் என்று அஞ்சி, இறந்த குழந்தையைக் கையிலேந்திக் கொண்டு புகாரின் கோட்டம் ஒவ்வொன்றாக ஏறி இறங்குகிறாள். இறுதியில் பாசண்டச் சாத்தன் கோட்டத்தில் பாடு கிடக்கிறாள். அங்கே அழகிய பெண் வடிவில் வந்த இடாகினிப் பேய், தவம் செய்யாதவர்க்குத் தெய்வம் வரம் தராது என்று சொல்லிக் குழந்தையின் உடலைப் பறித்து இருளில் சென்று விழுங்கிவிடுகிறது. மாலதியின் அழுகைக்கு இரங்கிய சாத்தன், தானே அக்குழந்தையாகி, குயில் கூவும் சோலை நிழலில் கிடக்கிறான். அவள் அதை எடுத்துச் சென்று பெற்றவளிடம் ஒப்படைக்கிறாள்.

அதன் பின் இளங்கோவடிகள் சொல்பவை மிகச் சில வரிகளே. ஆயினும் அவ்வரிகளில்தான் ஒரு முழு இல்வாழ்க்கை இருக்கிறது. பிள்ளை வளர்கிறான், கலைகள் கற்கிறான், தாயத்தாரோடு சொத்து வழக்குப் பேசித் தீர்க்கிறான், பெற்றோர் இறந்தபின் அவர்க்குரிய கடன்களைக் கழிக்கிறான், தேவந்தியை மணக்கிறான். சோழ நாட்டில் பிறந்துவிட்டால் கடவுளுக்கும் பங்காளி வழக்குத் தப்பாது போலும். பிறகு ஒருநாள், தன் மூவா இளமை வடிவை மனைவிக்குக் காட்டி, தன் கோட்டத்துக்கு வா என்று கூறி நீங்கிவிடுகிறான். தேவந்தி என்ன செய்தாள்? கணவன் தீர்த்தத் துறைகளில் நீராடப் போயிருக்கிறான், அவனை மீட்டுத் தர வேண்டும் என்று ஊரறிய ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, நாள்தோறும் அக்கோட்டத்தை வழிபட்டு வந்தாள். கணவன் யார் என்பது அவளுக்குத் தெரியும். ஊருக்குச் சொல்ல ஒரு வாசகமும் வேண்டியிருந்தது. கண்ணகியைச் சோமகுண்டம், சூரிய குண்டம் துறைகளில் மூழ்கிக் காமவேள் கோட்டம் தொழ அழைத்தவள் இவள்தான். அந்த அழைப்பின் பின்னே இருந்த தனிமையைக் கருதிப் படிப்போர் குறைவு.

புகாருக்குத் தெற்கே, அதே கடற்கரையில், இதற்கு நேர்மாறான ஒரு கதை நடந்ததாகச் சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாடுகிறார். காரைக்கால் வணிகன் தனதத்தன் மகள் புனிதவதி. நாகப்பட்டினத்து நிதிபதியின் மகன் பரமதத்தன் அவள் கணவன். மாங்கனியின் கதை எல்லாரும் அறிந்தது. இறையருளால் வந்த கனி பரமதத்தன் கைக்கு வந்து மறைந்த அந்தக் கணத்தில், தன் வீட்டில் இருப்பவள் மனைவி அல்லள், அணங்கு என்று அவன் முடிவு செய்துவிடுகிறான். யாரிடமும் சொல்லவில்லை. தொடர்பின்றி ஒழுகி, கலமேறிப் பொருளீட்டப் போவதாகக் கூறிப் போனவன், பாண்டி நாட்டுத் துறைநகர் ஒன்றில் குடியேறி வேறு மணம் செய்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிடுகிறான். உற்றார் அம்மையை அவனிடம் அழைத்துச் சென்றபோது, புது மனைவியோடும் குழந்தையோடும் வந்து அவள் காலில் விழுகிறான். கணவனுக்காகவே தாங்கிய தசைப்பொதியை உதறிவிட்டு அம்மையார் பேய் வடிவம் வேண்டியது அதன் பிறகுதான்.

இரு கதைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதில் ஒரு பயன் உண்டு. தெய்வமான கணவனோடு தேவந்தி வாழ்ந்தாள். அவன் போன பிறகும் அந்த வீட்டின் நியாயத்தை விடாமல் காத்தாள். தெய்வமான மனைவியோடு பரமதத்தனால் ஓரிரவும் இயல்பாக இருக்க முடியவில்லை. அவன் தீயவன் அல்லன், பக்தியோடுதான் விலகினான். ஆனால் பக்தி விலகுவதற்கும் ஒரு வழியாகும் என்பதைச் சேக்கிழாரின் கதை காட்டிவிடுகிறது. வீட்டுப் பெண்ணைத் தெய்வமாக்கி அவள் காலில் விழுவது, அவளோடு சேர்ந்து வாழ்வதைவிட எளிதாக இருந்தது. காவிரி நாட்டு வீடுகளில் பிற்காலத்தில் வேரூன்றிய ஒரு வழக்கத்தைப் புரிந்துகொள்ள இக்குறிப்பு உதவும்.

மனையில் மறைந்தோர்க்கு இடம் தருவது சங்க காலத்திலேயே இயல்பான நடைமுறை. மாலையில் இரும்பு விளக்கில் திரி கொளுத்தி, நெல்லும் மலரும் தூவி இல்லுறை தெய்வத்தைக் கைதொழும் மகளிரை நெடுநல்வாடையில் காணலாம். திருக்குறளில் இல்வாழ்வான் பேண வேண்டிய ஐவர் வரிசையில் தென்புலத்தார் முதலில் நிற்கின்றனர்; தெய்வமும் விருந்தும் சுற்றமும் தானும் அதன் பிறகே. விருந்தினர்க்கும் முன்னே இறந்தோர்க்கு இலை போட வேண்டும் என்னும் வரிசை அது.

புறநானூற்றில் தும்பி சேர்கீரனார் பெயரில் வழங்கும் ஒரு பாட்டு (எண் 249, புலவர் பெயரில் பாடவேறுபாடு உண்டு) இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. பரந்த நிலப்பரப்புக்குத் தலைவனாக இருந்தவன் இறந்துவிட்டான். அவனுக்குச் சோறு படைக்க அவன் மனைவி சுளகளவே உள்ள சிறு இடத்தை விலக்கி மெழுகுகிறாள். சாணத்தைக் கரைக்க நீர் வேண்டாதிருக்கிறது. கண்ணீரே போதுமானதாக இருக்கிறது. நாடாண்டவனுக்கு எஞ்சியது சுளகளவு தரை. ஆனால் அந்தத் தரை வீட்டினுள்ளே இருக்கிறது. ஒரு பெண்ணின் கை அதை நாள்தோறும் மெழுகுகிறது. காவிரி நாட்டு மனைகளில் மறைந்தோர்க்குக் கிடைத்த இடம் எப்போதும் ஏறத்தாழ இந்த அளவினதே.

ஊர் ஆவிகளின் நிலை வேறு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், தேவதானமாகக் கொடுக்கப்பட்ட ஊர்களில் வரியிலிருந்து நீக்கப்பட்ட இடங்களை முதலாம் இராசராசனின் அலுவலர்கள் ஒவ்வொன்றாகக் குறித்து வைத்தனர். ஊர்நத்தம், குளம், ஊடறுத்துப் போன வாய்க்கால், சேரி, சுடுகாடு ஆகியவற்றோடு பிடாரி கோயிலும், ஐயன், காடுகாள், சேட்டை ஆகியோரின் இடங்களும் அப்பட்டியலில் வருகின்றன. சுடுகாடு கூடச் சாதி பிரித்தே எழுதப்பட்டது. எல்லையில் நின்ற தெய்வத்துக்கு அரசின் நிலக்கணக்கில் இடம் இருந்தது. வீட்டுக்குள் இருந்தவளை எந்தக் கணக்கிலும் யாரும் எழுதவில்லை.

வீட்டோடு ஒத்துப்போகாத ஆவிகளுக்கும் இந்நாட்டில் வாசல்கள் இருந்தன. திருவிடைமருதூரில் வரகுண பாண்டியனைத் தொடர்ந்து வந்த பிரமகத்தி கீழை வாயிலிலேயே நின்றுவிட்டது என்றும், அவன் மேலை வாயில் வழியே வெளியேறித் தப்பினான் என்றும் தலபுராணம் கூறும். இன்றும் வந்த வழியே திரும்பாதோர் உண்டு. நாகூர் தர்காவுக்கும், திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே காவிரிக் கரையிலுள்ள குணசீலத்துக்கும் மனம் பேதலித்தவர்களைச் சமயம் பாராது அழைத்துச் செல்லும் வழக்கமும் இதனைச் சேர்ந்ததே. இவை ஆவியை வெளியேற்றும் இடங்கள். இக்கட்டுரை கருதுவது வெளியேற்றப்படாமல், வேண்டி அழைக்கப்பட்டு, வீட்டிலேயே தங்கியவர்களை.

அவர்களுக்குப் பல பெயர்கள். பூவாடைக்காரி என்பர், கன்னி என்பர், வீட்டுச்சாமி என்பர், அந்தணர் இல்லங்களில் பெயர் சொல்லாமல் சுமங்கலி என்று மட்டும் குறிப்பர். மணமாகாமல் இறந்த பெண், பிள்ளைப்பேற்றில் இறந்தவள், கணவன் இருக்கையில் பூவும் மஞ்சளுமாகப் போனவள் ஆகியோரே பெரும்பாலும் இவ்வாறு தங்குவர். முதிர்ந்து, பேரன் பேத்தி கண்டு இறந்த பாட்டி திதியோடு அமைதியாகிவிடுவாள். வாழ வேண்டிய வாழ்வு மீதம் இருந்தவள்தான் மீண்டும் வருவாள் என்பது நம்பிக்கை.

பழைய தஞ்சை மாவட்டத்து ஓட்டு வீட்டை நினைவில் கொண்டால் அவளுக்கு உரிய இடம் விளங்கும். திண்ணை, ரேழி, கூடம், நடுவே முற்றம், அதையடுத்துச் சமையற்கட்டு, கொல்லை என்று தெருவிலிருந்து பின்புறம் வரை நீண்டு செல்லும் வீடு அது. திண்ணை ஆண்களுக்கும் வழிப்போக்கர்க்கும் உரியது. முற்றம் மழைக்கும் வெயிலுக்கும் உரியது. மறைந்தவளுக்கோ கூடத்துச் சுவரில் ஒரு விளக்குமாடம், அல்லது நெல் பத்தாயம் இருக்கும் உள்ளின் இருண்ட மூலை, அல்லது பரண் மேல் ஒரு மூங்கில் பெட்டி. அப்பெட்டிக்குள் ஒரு புடவை, ஒரு ரவிக்கைத் துண்டு, கண்ணாடி வளையல், மஞ்சள் கிழங்கு, குங்குமச் சிமிழ். உருவம் பெரும்பாலும் இராது. புடவைதான் அவள்.

ஆண்டுக்கொரு முறையும் வீட்டில் மணம் நிகழுமுன்னும் பெட்டி இறங்கும். புதுப்புடவை நனைத்து உலர்த்தப்பெறும். பல குடும்பங்களில் ஆற்றங்கரையிலோ குளக்கரையிலோ கரகத்தில் நீர் முகந்து, பம்பையும் உடுக்கையும் முழங்க அவளை வீட்டுக்கு அழைத்து வருவர். சுமங்கலிப் பிரார்த்தனை செய்யும் இல்லங்களில் ஓசை இராது. ஒழுங்கு மிகுதியாக இருக்கும். மணை மீது ஒன்பது கஜப் புடவை மடித்து வைக்கப்பெறும். உயிரோடிருக்கும் சுமங்கலிகள் வரிசையாக அமர, அவர்களோடு யாரும் அமராத இலை ஒன்றும் போடப்படும். நெய் முதல் பாயசம் வரை எல்லாமும் அந்த இலைக்கும் விழும். பரிமாறுகிறவர் அந்த இலைக்கு முன்னும் குனிந்தே பரிமாற வேண்டும்.

தென்னார்க்காட்டுச் சிற்றூர்களில் இதன் ஒரு வடிவத்தை மானிடவியலாளர் இசபெல் நபக்கோவ் விரிவாக ஆய்ந்து 2000ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். திருமணத்துக்கு முன் இறந்தோரைப் பம்பைக்காரர் அழைக்கின்றனர். குடும்பத்தில் ஒருவர் மேல் ஆவி வந்து பேசுகிறது. வீட்டுக்குத் திரும்பி வந்து காவல் தெய்வமாக இருக்குமாறு அதனிடம் கேட்கின்றனர். அந்த உரையாடலில் வேண்டுதலோடு மனத்தாங்கலும் சமாதானமும் கலந்திருக்கும். ஏன் என்னைக் கவனிக்கவில்லை என்று ஆவி கேட்பதும், இனிக் கவனிப்போம் என்று உயிரோடிருப்போர் வாக்குத் தருவதும் ஒரு குடும்பப் பஞ்சாயத்தின் போக்கிலேயே நடக்கும்.

இந்தப் பெண்கள் யார் என்று கேட்கும்போதுதான் வழக்கம் வரலாறாகிறது. குழந்தை மணத் தடைச் சட்டம் வந்தது 1929இல். அதற்கு முன்பும், அது ஏட்டளவில் நின்ற பின்னாட்களிலும், உடல் முதிராத சிறுமியர் மணந்து, கருவுற்று, முதற் பேற்றிலேயே இறந்தனர். கழனி சூழ்ந்த ஊர்களில் மழைக்காலத்தில் சேற்றுப்பாதை கடந்து மருத்துவச்சி வந்து சேர்வதற்குள் முடிந்துபோன உயிர்கள் பல. தமிழ்நாட்டில் 2018 முதல் 2020 வரையிலான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு 54 தாய்மார் இறந்தனர். இந்தக் குறைந்த எண்ணோடு பழகிய தலைமுறைக்கு, ஊரில் வீட்டுக்கொரு பூவாடைக்காரி ஏன் இருந்தாள் என்பது விளங்காமற் போவதில் வியப்பில்லை.

அவர்கள் பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை. நிலம் ஆண் வழியில் இறங்கியது. வம்சாவளியில் தந்தை, மகன், பேரன் பெயர்களே எழுதப்பட்டன. மகளுக்கும் பூர்விகச் சொத்தில் மகனுக்கு நிகரான பங்கு உண்டு என்று தமிழ்நாட்டுச் சட்டம் சொல்லத் தொடங்கியது 1989இல்தான். அதுவரை ஒரு மிராசுதார் வீட்டில் பதினாறு வயதில் இறந்த மருமகள் அங்கே இருந்தாள் என்பதற்குச் சான்று பரண் மேலிருந்த பெட்டி ஒன்றே. ஆவணம் மறுத்த இடத்தை அச்சம் வாங்கிக் கொடுத்தது.

அச்சம் என்று சொல்வது மிகையன்று. இவ்வழிபாட்டை முன்னோர் மீதுள்ள அன்பின் வெளிப்பாடு என்று மட்டும் பாடிவைப்பது கவிஞர்களுக்கு எளிது. பலர் அவ்வாறே செய்துள்ளனர். ஆனால் அன்பு மட்டும் காரணமாயின், வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததும் பெட்டியை இறக்குவது ஏன்? மணம் தடைப்பட்டதும் அவள் நினைவு வருவது ஏன்? சில குடும்பங்களில் முதல் தாரத்துக்குப் புடவை வைத்து வணங்கும் கடமை இரண்டாம் தாரத்தின் மீது விழுந்தது. இறந்தவளின் இடத்தில் வந்து அமர்ந்தவள், இறந்தவளிடமே பொறுத்தருளக் கேட்க வேண்டும். அவ்வீட்டில் நடந்தது என்ன என்பதை அந்த இரு பெண்களும் அறிவர். ஆண் அங்கே தட்சிணை கொடுப்பவனாக மட்டும் நின்றான். பரமதத்தன் குழந்தையோடு வந்து காலில் விழுந்த காட்சி இங்கே ஆண்டுதோறும் நடைபெற்றது. உயிரோடிருந்தபோது இளைப்பாற ஒரு மூலை கிடைக்காதவளுக்கு, இறந்தபின் ஒரு மூலை நிலையாகக் கிடைத்தது.

வீட்டின் நலம் உடனுறையும் ஆவியின் மனநிலையைப் பொறுத்தது என்னும் எண்ணம் பிற நாடுகளிலும் உண்டு. பண்டை உரோமர் தம் வீடுகளில் லாரெஸ் என்னும் காவல் தெய்வங்களுக்குச் சிறு மாடம் அமைத்திருந்தனர். ஜப்பானின் வடகிழக்கே தோனோ என்னும் ஊர்ப்புறத்துக் கதைகளைத் திரட்டி யனகிதா குனியோ 1910இல் வெளியிட்ட நூலில் ஸாஷிகி வராஷி என்னும் குழந்தை ஆவி வருகிறது. விருந்தினர் அறையில் அது தங்கியிருக்கும்வரை அவ்வீடு செழிக்கும்; அது புறப்பட்டுவிட்டால் குடும்பம் நொடித்துப்போகும். வறுமைக் காலங்களில் பிறந்தவுடன் கொல்லப்பட்ட சிசுக்களின் நினைவே இந்த ஆவி என்று கருதிய ஆய்வாளரும் உளர். அது உண்மையாயின், கொன்ற வீடே கொல்லப்பட்டதைக் காவல் தெய்வமாக வைத்துக்கொண்டது என்றாகும். ஜப்பானியச் சித்திரக்கதையான மாங்காவில் ஷிகேரு மிசுகி போன்றோர் இவ்வூர்ப்புற ஆவிகளை அச்சில் உலவவிட்டனர். அவர்க்குப் பின் மனிதரும் ஆவிகளும் ஒரே வீட்டில் குடியிருந்து, சமைத்து, சண்டையிட்டுச் சமாதானமாகும் கதைகள் ஒரு தனி வகையாகவே அங்கே வளர்ந்துவிட்டன. தஞ்சைச் சிறுவன் ஒருவன் இன்று அவற்றை ஆவலோடு படிக்கிறான் என்றால், அவன் வீட்டுப் பரணில் இருப்பவளைப் பற்றி அவனிடம் யாரும் சொல்லவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

இதுவரை கூறியதில் ஒரு குறை உண்டு. மூலையில் ஒருத்தியை இருத்த வேண்டுமானால் முதலில் மூலை வேண்டும். மூலைக்குச் சுவர் வேண்டும். சுவருக்கு அடிநிலம் வேண்டும். கீழத்தஞ்சையில் பண்ணையாளின் குடிசை மிராசுதாரின் நிலத்தில் நின்றது. வேலையை விட்டு நீக்கினால் குடிசையை விட்டும் நீங்க வேண்டும். மெழுகிய தரையைச் சுருட்டி எடுத்துச் செல்ல இயலாது. 1952இல் வந்த தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வெளியேற்றத்தைக் கட்டுப்படுத்த முயன்றது. குடியிருப்பு மனை குடியிருப்போர்க்கே உரியது என்று சட்டம் ஆனது 1971இல். சுமங்கலிக்கு யாரும் அமராத இலை போடப்பட்ட அதே ஆண்டுகளில், அவ்வீட்டுக் கழனியில் நாற்று நட்ட பெண், தன் இறந்த மகளுக்கு ஒரு மாடம் வைக்கும் உரிமை கொண்ட சுவர் இல்லாதிருந்தாள்.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். பூவாடைக்காரியாக எண்ணப்படுவதற்கு மரபு கூறும் தகுதி யாவும் உடையவர்கள்: வாழ்வு மீதம் இருந்தவர்கள், காலம் வருமுன் போனவர்கள். அவர்களுக்கு வீட்டு மூலை அமையவில்லை. ஊரில் நினைவிடம் எழுந்தது. 44 பெயர்களும் அங்கே பொறிக்கப்பட்டன. ஆண்டுதோறும் அந்நாளில் மக்கள் அங்கே கூடுகின்றனர். மிராசுதார் வீட்டு மூங்கில் பெட்டியில் பெயர் மறைந்து புடவை எஞ்சியது. இங்கே உடைமை ஏதும் எஞ்சவில்லை, பெயர்கள் நின்றன. காவிரி நாட்டில் மறைந்தோரைப் பேணும் முறை மாறிய இடம் என்று இதனைக் குறிப்பது பொருந்தும்.

மாற்றம் வீடுகளிலும் நிகழ்ந்தது. நில உச்சவரம்பு, படிப்பு, வேலை ஆகிய காரணங்களால் அக்கிரகாரங்களும் பெரிய தெருக்களும் காலியாயின. முற்றங்கள் மூடப்பட்டு மேலே தளம் போடப்பட்டது. பாகப்பிரிவினையில் பெட்டி யாருக்கு என்று எந்தப் பத்திரமும் எழுதவில்லை. சொத்துக்குப் போட்டியிட்ட சகோதரர்கள் பெட்டியை மட்டும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தனர். சென்னைக்கும் பெங்களூருக்கும் போன குடும்பங்களில் அது பீரோவின் மேல்தட்டுக்குப் போயிற்று. அடுக்கு மாடியில் பம்பை அடிக்க இயலாது. ஆடிப்பெருக்கன்று காவிரியில் நீர் இல்லாத ஆண்டுகளில் ஆழ்குழாய் நீரை விட்டுச் சடங்கை நிறைவேற்றிய ஊர்களே உண்டு என்னும்போது, குழாயடியில் கரகம் நிரப்புவதைக் குறை சொல்வதற்கில்லை.

வீடு இடம் தராதபோது ஆவி எங்கே போகும் என்ற வினாவுக்குத் தமிழ்ப் புனைகதை இரு விடைகள் தந்துள்ளது. புதுமைப்பித்தனின் காஞ்சனை, வேலைக்காரியாக வீட்டுக்குள் ஏற்றுக்கொள்ளப்பட்டாள். மூலை தராமலே வந்தவள் வீடு முழுவதையும் எடுத்துக்கொண்டாள். கும்பகோணத்து எம்.வி. வெங்கட்ராம், தம் சொந்த அனுபவத்தின் அடிப்படையில் எழுதி 1993இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்ற காதுகள் நாவலில், ஆவிகளுக்கு வீடே தேவைப்படவில்லை. இல்லறத்தான் ஒருவனின் செவிகளிலேயே அவை குடியேறிப் பேசிக்கொண்டிருக்கின்றன. பட்டு வணிகமும் இலக்கியமுமாக வாழ்ந்த ஆசிரியர் அந்தக் குரல்களைப் பல்லாண்டுகள் தாங்கினார். பூவாடைக்காரியிடம் ஒப்பந்தம் ஒன்று உண்டு: இந்த மூலை உனக்கு, இந்த நாள் உனக்கு, மற்றவை எங்களுக்கு. செவிக்குள் வந்தவற்றோடு அவ்வாறு பேசி முடிக்க வழியில்லை. இடம் குறிக்கப்பட்ட ஆவி அடங்கியிருக்கும், இடம் குறிக்கப்படாதது எங்கும் பரவும் என்பதை அந்நாவலைப் போல வேறெதுவும் தமிழில் உணர்த்தவில்லை.

தேவந்தியின் கதைக்கு வஞ்சிக் காண்டத்தில் ஒரு தொடர்ச்சி உண்டு. கண்ணகிக்குக் கோட்டம் எடுத்த சேர நாட்டில், தேவந்தி மேல் சாத்தன் ஆவேசமாக வருகிறான். அங்கிருந்த மூன்று சிறுமியர் மேல் நீர் தெளிக்கச் சொல்கிறான். நீர் பட்டதும் கண்ணகியின் தாயும், கோவலனின் தாயும், மதுரை ஆய்ச்சி மாதரியும் அக்குழந்தைகளின் வாய் வழியே பேசுகின்றனர். காப்பியத்தில் துயரத்தோடு மறைந்துபோன மூன்று முதிய பெண்கள் தம் புலம்பலைச் சொல்ல மழலை வாய்கள் வேண்டியிருந்தன. அரசனும் அவையோரும் கேட்டு நின்றனர். தன்னை விட்டுப் போன கணவனின் குரல் தன் வாயிலேயே வந்தபோது தேவந்தி என்ன உணர்ந்தாள் என்பதை இளங்கோ சொல்லவில்லை. பின்னர் அவள் அக்கோட்டத்திலேயே தங்கி, கண்ணகிக்கு நாள்தோறும் பூவும் புகையும் இடும் பணியை ஏற்றாள்.

தஞ்சைப் பகுதியில் இன்று சுமங்கலிப் பிரார்த்தனை செய்யும் வீடுகளில் பலருக்கு இலை யாருக்காகப் போடப்படுகிறது என்பது தெரியாது. பெரியபாட்டிக்கு மூத்தவள் என்பர்; திருவையாற்றுப் பக்கத்திலிருந்து வந்தவளாம் என்பர்; பெயரைக் கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பர். வயதைக் கேட்டால் சின்னப் பெண் என்ற விடை மட்டும் தயங்காமல் வரும். பிறகு பரிமாறத் தொடங்குவார்கள்.